உரியாத விலைச்சீட்டு

மலை பங்களா மர்மக்காதல் நாவல் தொடரின் நாயகி மிருதுளாவுக்கு ஒரு ஜோடி செருப்பு இருந்தது. பதினோரு பாகம் வெளிவந்தும் அதன் அடியில் ஒட்டிய விலைச்சீட்டுகூட உரியவில்லை. உரிய விட்டால்தானே? அவள் நாலடி வைப்பதற்குள் எங்கோ அலறல் கேட்கும். மாடிப்படியில் மயங்கி விழுவாள். ஜமீன் வாரிசு ருத்ரேஷ் அலாக்காகத் தூக்கிக்கொண்டு போவான். செருப்பு படியிலேயே கிடக்கும்.

"தேயாம கொள்ளாம இருக்கோமே, யோகம்தான்" என்று வலது செருப்பு பூரித்துப்போகும். இடது செருப்புக்கோ ஒருதரமாவது வெளி மண்ணை மிதிக்க ஆசை.

பன்னிரண்டாம் பாகத்தில் பங்களா தீப்பிடித்தது. மிருதுளா மயங்க வசதியாகச் செருப்பைக் கழற்றினாள். அதற்குள் புகை தாங்காமல் ருத்ரேஷ் முந்திக்கொண்டு விழுந்துவிட்டான்.

"நீயும் விழுந்துடு தாயி, யாராவது தூக்குவாங்க" என்றது வலது.

"யாரும் வரமாட்டாங்க தாயி, எங்களை மாட்டிக்க!" என்று கெஞ்சியது இடது.

மிருதுளா சுற்றிலும் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். ருத்ரேஷின் அக்குளில் கைகொடுத்து, படிப்படியாக இழுத்து இறக்கி, சரளைக்கல், சேறு, நெருஞ்சிமுள் எல்லாம் மிதித்துத் தோட்டத்தின் கோடிக்குப் போய்த்தான் நின்றாள்.

அங்கே உட்கார்ந்து, செருப்பில் தைத்திருந்த முட்களைப் பிடுங்கினாள். "நல்லவேளை, நீங்க இருந்தீங்க" என்றாள்.

"நாங்கதான் தாயி உனக்கு நன்றி சொல்லணும்" என்றது இடது. அதன் வார் அறுந்திருந்தது. விலைச்சீட்டைக் காணோம்.

கண்விழித்த ருத்ரேஷ், அவளைத் தூக்க வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டினான்.

"வேண்டாம்னு சொல்லு தாயி" என்றது வலது செருப்பு.