எண்ணெய் இல்லாமல் ஒரு கரண்டி

“கண்ணை மூடுடா” என்றார் அண்ணன்.

ஸ்டூடியோக்காரர் மூடிக்கொண்டார்.

வயது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிற பெரிய பெரிய ஆட்களின் முகவாயை இரண்டே விரலால் நிமிர்த்தி வைப்பவர். தெருவே மரியாதையாகப் பேசும். அண்ணனின் இந்தச் சமையலறைக்குள் கால் வைத்துவிட்டால் மட்டும் வெறும் ‘டா’.

எனவே நாமும் அவன் என்றே வைத்துக்கொள்வோம்.

கரண்டி இன்னும் வாய்க்கு வரவில்லை. கிண்ணத்தில் கலக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவனுக்கோ அவசரம். வெள்ளிக்கிழமை காலை எடை மேடையில் ஏறியாக வேண்டும். முள் எழுபத்தெட்டைத் தாண்டினால் எல்லாம் முடிந்தது. இன்னும் இரண்டு கிலோ பாக்கி.

எதற்காக என்பதை அவன் ஸ்டூடியோவில் மூச்சு விடவில்லை. இந்த வீட்டில் அந்தக் கிழமையைக்கூட உச்சரிக்காமல் பார்த்துக்கொண்டான்.

இரண்டு மாதமாக வெள்ளரி, கோஸ், கேரட். வெறுமனே மென்றால் தொண்டைக்குள் இறங்க மறுத்தது. ‘குறைந்த கலோரி’ என்று பச்சை எழுத்தில் மின்னிய சாலட் டிரெஸ்ஸிங் பாட்டில்களாக வாங்கி அடுக்கினான். ஒன்று பற்பசையைக் கரைத்த மாதிரி இருந்தது. இன்னொன்று தலை கிறுகிறுக்கும் புளிப்பு. ஒன்றே ஒன்று அமிர்தம். சந்தேகப்பட்டு பாட்டிலைத் திருப்பிப் படித்தால், பாதி எண்ணெய். அது பக்கத்துக் கடைத் தையல்காரருக்குப் போய்ச் சேர்ந்தது.

நேற்று பேக்கரி வாசலில் கால் தானாக நின்றுவிட்டது. பயந்துபோய்த்தான் இன்று இங்கே வந்தான். எண்ணெய் இல்லாமல், ஆனால் ருசியாக, ஏதாவது கலக்கிக் கொடுக்கும்படி கேட்டான். தொப்பை தெரிகிறதாம், வாடிக்கையாளர்கள் சிரிக்கிறார்களாம் என்று ஒரு காரணத்தையும் ஒட்ட வைத்தான்.

அண்ணி விடுவாளா? “கல்யாணமே வேண்டாம்னு இருந்த மனுஷன் இடுப்பைக் குறைக்கிறாரே... யாரு கொழுந்தனாரே அந்த மகராசி?”

அண்ணன் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் அவரால் நின்று சமைக்க முடிவதில்லை. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தபடி, தக்காளியைக் கம்பியில் குத்தி நெருப்பில் காட்டினார்.

தோல் கருகும் வாசனை வந்ததுமே அவனுக்கு வயது குறைய ஆரம்பித்துவிட்டது.

அண்ணன் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். லீவில் வரும்போதெல்லாம் இதே ஆட்டம்தான். தம்பி கண்ணை மூட வேண்டும். வாயில் ஒரு கரண்டி விழும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பிசகாமல் சொல்ல வேண்டும். சொன்னால் பரிசு. பிசகினால், கப்பல் கரைக்கு வராது என்று அண்ணன் கையை விரித்துவிடுவார்.

அப்பாவும் அம்மாவும் இல்லாத வீட்டில், அந்தக் கப்பல் கரைக்கு வருவதைவிடப் பெரிய விஷயம் அந்தப் பையனுக்கு வேறு ஏது?

ஒரு தடவை எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான். கண்ணைத் திறந்தால் மடியில் ஒரு கேமரா. அதுதான் பின்னால் ஸ்டூடியோ ஆனது.

இந்தக் கலவையும் அந்தக் காலத்துச் சரக்குதான். நடுக்கடலில் எண்ணெய் டின் உருண்டு கொட்டிப்போன பயணத்தில் பிடிபட்ட வித்தை என்பார் அண்ணன். கருகச் சுட்டுவிட்டால் நாக்கு எண்ணெயைத் தேடாதாம்.

கரண்டி வந்தது.

புகை. புளிப்பு. பின்னாலேயே மெல்ல ஏறும் காரம். இரண்டு மாதமாகச் செத்துக் கிடந்த நாக்கு எழுந்து உட்கார்ந்தது.

“சுட்ட தக்காளி” என்றான். “சுட்ட பூண்டு. வறுத்த சீரகம். மிளகு, எலுமிச்சை. துணியில கட்டித் தொங்கவிட்ட தயிர். அப்புறம்... உப்பு.”

கரண்டி கிண்ணத்துக்குத் திரும்பிய சத்தம் கேட்டது.

“கப்பல் கரைக்கு வராதுடா.”

“எதை விட்டேன்?”

“விடல. ஒண்ணு அதிகமாச் சொல்லிட்டே. உப்பு போடவே இல்ல. எனக்குத்தான் ஆகாதே.” அண்ணனின் குரல் நெருங்கி வந்தது. “இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே பத்தியம்தானே?”

அவன் கண்ணைத் திறக்கவில்லை. திறக்கத் துணிச்சல் இல்லை.

தம்பி உடம்பை அறுத்துத்தான் எனக்கு ஈரல் வைக்கணும் என்றால் எனக்கு எதுவுமே வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுந்து வந்தவர் அண்ணன். அன்று சாயங்காலமே அவருக்குத் தெரியாமல் டாக்டரிடம் திரும்பிப் போனவன் இவன். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, எழுபத்தெட்டுக்குக் கீழே இறங்கி வாருங்கள், அப்புறம் பாதியை எடுப்பதைப் பற்றிப் பேசலாம் என்றார் டாக்டர். பக்கத்தில் நின்று தலையாட்டியவள் அண்ணி. கொடுப்பது யார் என்பதை மட்டும் இப்போதைக்கு அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்துதான் கெஞ்சினார்கள்.

குழாய் திறக்கும் சத்தம். கழுவி வைத்த தட்டையே அண்ணி மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

அப்புறம், எதுவோ பாட்டிலுக்குள் கொழகொழவென்று இறங்கியது. மூடி திருகப்பட்டது.

கண்ணாடி ஒன்று குளிர்ச்சியாக அவன் மடியில் வந்து உட்கார்ந்தது. தப்பாகச் சொன்னவனுக்குப் பரிசு கிடைத்தது இதுதான் முதல் தடவை.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் வரும்” என்றார் அண்ணன். “கண்ணைத் திற.”