அதே சத்தம்

மாலை ஐந்தேகாலுக்கு மெக்கானிக் பீர் புது சைலன்சரின் கடைசி போல்ட்டை முடுக்கினான்.

“அம்பத்தெட்டு வயசுல எதுக்குண்ணே இந்த உறுமல்? காலேஜ் வாசல்ல சுத்தப் போறீங்களா?”

“இன்னும் கொஞ்சம் சத்தமா வராதாப்பா?” என்றார் சற்குணம்.

முன்பெல்லாம் பைக் தெருமுனை திரும்பும்போதே அவர் மனைவி ஜெசிந்தா வந்து கேட்டைத் திறந்துவிடுவாள். ஆறு மாதமாக அவரே இறங்கித் திறக்கிறார். காது டாக்டரிடம் போகலாம் என்றால், “எனக்கென்ன கேடு?” என்று முறைப்பாள்.

இன்று தெருவே எட்டிப் பார்த்தது. அவர் இறங்குவதற்குள் கேட் திறந்தது. அதிரும் கேட் கம்பியின் மேல் வைத்த உள்ளங்கையை ஜெசிந்தா இன்னும் எடுக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

“இருபது வருசமா அதே சத்தம். எனக்குத் தெரியாதாங்க?”