ஒப்பந்தத்தில் ஒழுக்கம்

"தூ, பார்க்கவே குமட்டுது" என்று புகைப்படத்தை மேஜையில் விட்டெறிந்தார் ஸ்டூடியோ முதலாளி மில்டன் ரஸ்க். அதில், லாங் பீச் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடை. பட்டாள உடுப்பிலிருந்த இளைஞன் ஒருவனின் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தாள் நடிகை கோரா ஹேல்.

படத்திலிருந்தவள் இப்போது அவர் எதிரில் நின்றாள். அந்த அறையில் நீளமான தோல் சோபா ஒன்று உண்டு. பத்தொன்பது வருடமாக அவள் அதில் உட்கார்ந்ததில்லை.

"உனக்கு முப்பத்தேழு வயசு. இவனுக்கு மீசைகூட சரியா முளைக்கல. அடுத்த மாசம் நீ கன்னியாஸ்திரியா நடிச்ச படம் வருது. இது வெளியில தெரிஞ்சா சர்ச்சுக்குப் போற பொம்பளைங்க தியேட்டர் வாசல்ல நின்னு காறித் துப்புவாங்க."

"இந்த போட்டோவை யார் எடுத்தது?"

"நான்தான் ஆள் வெச்சு எடுத்தேன். ஒப்பந்தத்துல ஒழுக்கம்னு ஒரு பிரிவு இருக்கே, படிச்சுதானே கையெழுத்துப் போட்டே?"

அவள் படித்ததில்லை. அயோவாவிலிருந்து பஸ் ஏறி வந்த பதினேழு வயதுப் பெண்ணை யாரும் படிக்க விடவுமில்லை. பெயரை மாற்றினார்கள். கன்னம் ஒடுங்கக் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கினார்கள். கூப்பிட்டபோதெல்லாம் இந்த அறைக்கு வர வேண்டும் என்றார்கள்.

"உனக்கு நான் என்ன குறை வெச்சேன்? வந்த மறுவருஷமே நுரையீரல் கோளாறுன்னு அரிசோனாவுல எட்டு மாசம் படுத்துக் கிடந்தே. வேற முதலாளின்னா துரத்தியிருப்பான்."

சுருட்டும் வெங்காயமும் கலந்த அவர் மூச்சு கோராவின் முகத்தில் அடித்தது. அவள் நகரவில்லை.

"போன ஞாயிறு அவன் வரல. பயிற்சி முகாமுக்குப் போன் பண்ணினா யாரும் சரியா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. வெஸ்லியை என்ன பண்ணீங்க?"

"அவன் ஜெர்மனிக்குப் போக வேண்டியவன். எனக்குத் தெரிஞ்ச கர்னல்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேன், கொரியாவுக்கு மாத்திட்டார். போர்முனைக்கு." ரஸ்க் நிதானமாகச் சாம்பலைத் தட்டினார். "காலையிலேயே கப்பல் கிளம்பிடுச்சு."

கோரா மேஜையிலிருந்த போனைக் காட்டினாள். "திருப்பிக் கூப்பிடச் சொல்லுங்க. இப்பவே போன் பண்ணுங்க."

"எதுக்கு? விசாரிச்சுட்டேன். அநாதை விடுதியில வளர்ந்தவன், அப்பன் பேர் தெரியாத பய. செத்தா அழறதுக்குக்கூட நாதியில்லை."

அவள் போனை அவர் பக்கம் தள்ளினாள். அந்த மனிதரோடு தன்னைச் சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை, பித்தமாகத் தொண்டை வரை ஏறி நின்றது. விழுங்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"அவன் நம்ம பிள்ளை."