இருபத்து மூன்று ஜோடி செருப்பு

"பட்டியல்ல எத்தனை பேர்?"

"நூற்றுப் பன்னிரண்டு சார். எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு நீங்களே எண்ணிட்டீங்களே!"

"எண்ணினேன். வாசல்ல இருக்கிற செருப்பையும் எண்ணினேன். நூற்று முப்பத்தஞ்சு ஜோடி."

ஆலை மேலாளர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

அது பக்கத்து நாட்டு அணு ஆலை. அணுகுண்டுக்கான பொருளை இனித் தயாரிப்பதில்லை என்று இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டிருந்தன. நம் ஆய்வாளர் அங்கே போய்ப் பார்க்க வேண்டும்; அடுத்த மாதம் அவர்கள் இங்கே வருவார்கள். ஒரு பக்கம் பொய் என்று தெரிந்தாலும் ஒப்பந்தம் கிழிந்துவிடும்.

கிளம்பும்போதே ஆய்வாளரின் துறை இயக்குநர் சொல்லி அனுப்பியிருந்தார். "கண்ணுல மண்ணைத் தூவறதுல கில்லாடிங்க அவங்க. ஒரு மூலையையும் விட்டுடாதீர்."

மூன்று நாளாகக் கதிரியக்கம் காட்டும் கருவிகள் எல்லாம் 'சுத்தம்' என்றே சொல்லின. ஆய்வாளர் நம்பவில்லை. அமைச்சரே வந்தாலும் வெளிச்செருப்பை வாசல் ரேக்கில் கழற்றிவிட்டு, ஆலை கொடுக்கும் காலணியோடுதான் உள்ளே போக முடியும். அதனால்தான் ரேக் பக்கம் போனார்.

"மிச்சம் இருபத்து மூணு பேர் எங்கே?"

"பழைய செருப்பா இருக்கும் சார். மறந்து விட்டுட்டுப் போயிருப்பாங்க."

"வெறுங்காலோடவா வீட்டுக்குப் போனாங்க? செருப்பெல்லாம் ஈரச் சேறா இருக்கு. மழை பெய்ஞ்சது இன்னிக்குக் காலையிலதானே?"

மேலாளர் தரையைப் பார்த்தார்.

"நான் இப்போ ஒரு ஃபோன் போட்டா, நாளைக்கு ஒப்பந்தம் இருக்காது. சொல்லுங்க."

மேலாளர் சாவிக்கொத்தை எடுத்தார்.

பின்பக்கம் ஒரு கிடங்கு. கதவு திறந்ததும் ஆய்வாளர் கருவியை முன்னால் நீட்டினார். சத்தமே இல்லை.

உள்ளே நரைத்த தலைகள். ஆளுக்கொரு உப்புத்தாளோடு உட்கார்ந்து, பழைய வால்வுகளில் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒப்பந்தத்துக்காக ஒரு பிரிவை இழுத்து மூடினோமே, அதுல இருந்தவங்க சார். வீட்டுக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு. எல்லாருக்கும் ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம், மூணு வருஷம்தான் பாக்கி. நான்தான் பட்டியல்ல காட்டாம தினக்கூலியா வெச்சிருக்கேன். மேலிடத்துக்குத் தெரிஞ்சா முதல்ல என் சீட்டு கிழியும்."

ஆய்வாளர் அதையும் நம்பவில்லை. ஒவ்வொருவருடைய பழைய அடையாள அட்டையையும் வாங்கி, மூடிய பிரிவின் பதிவேட்டோடு ஒப்பிட்டார். மூலை முடுக்கெல்லாம் கருவியை ஓட்டினார். மனிதர் சொன்னது அத்தனையும் உண்மை.

"இதையும் எழுதுவீங்களா சார்?"

ஆய்வாளர் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஊர் திரும்பியதும் இயக்குநர் மேஜையில் அறிக்கையை வைத்தார்.

"சுத்தமா இருக்காங்க சார். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இதுல எழுதல."

விஷயத்தைக் கேட்ட இயக்குநர் உச்சுக் கொட்டினார். "பாவம்யா. எழுத வேண்டாம், விட்டுடும். இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா!"

ஆய்வாளருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

"அது சரி, செருப்பை எண்ணணும்னு உமக்கு எப்படித் தோணிச்சு?"

"ஆளை ஒளிக்கறவங்க செருப்பை மறந்துடுவாங்க சார்."

"பலே!"

முதுகில் தட்டிக் கொடுத்து, கதவு வரை வந்து வழியனுப்பினார் இயக்குநர். கதவைச் சாத்திவிட்டு ஃபோனை எடுத்தார்.

"நம்ம ஆலைதானே? பதினெட்டாம் தேதி அவங்க வர்றாங்க. பட்டியல்ல இல்லாம கீழ்த்தளத்துல வேலை செய்யற அந்த நாற்பது பேர்கிட்டயும் சொல்லிடும். அன்னிக்கு ஒருத்தனும் செருப்பை வாசல்ல விடக் கூடாது."