ஒற்றை நட்சத்திரம்

பூர்ணிமா வீட்டு மாடியில் வைஃபை ஆன்டெனா ஏறிய நாளிலிருந்து, பக்கத்து வீட்டுக் கலியமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை.

“நேத்து தொழிலுக்கு வந்தவ பொம்மை டெல்லிக்குப் போவுது. முப்பது வருசமா செய்யிற என் பொம்மை சேத்தியாத்தோப்பைத் தாண்டல!”

“அந்த ஊரு வியாபாரிதான் ஒண்ணு விடாம வாங்கிக்கிறாருல்ல. பேசாம இருங்க” என்றாள் மனைவி கமலம்.

அவரால் இருக்க முடியவில்லை. நல்லூர் மச்சான் பெயரில், பூர்ணிமாவின் இணையக் கடையில் ஒரு பீங்கான் யானைக்கு ஆர்டர் போட்டார். பார்சல் நல்லூருக்குப் போய், மச்சானின் பைக்கில் திரும்பி வந்தது. பளபளவென்று நீல வர்ணம். பார்த்ததும் வயிறு எரிந்தது. கமலத்துக்குப் பூர்ணிமா கொடுத்திருந்த வைஃபையிலேயே ஒற்றை நட்சத்திரம் குத்தினார்.

‘இது தும்பிக்கையா? செஞ்ச ஆளுக்குத் தொழிலே தெரியல.’

மூன்றாம் நாள், பின்கட்டு மதிலுக்கு அப்பாலிருந்து பூர்ணிமாவின் குரல் கேட்டது.

“கமலம் அக்கா, இனிமே யானை குடுக்காதீங்க. தும்பிக்கை சரியில்லன்னு நல்லூர்க்காரர் ஒருத்தர் எழுதிட்டாரு. அதப் பாத்துட்டு ரெண்டு பேரு ஆர்டர கேன்சல் பண்ணிட்டாங்க. நான் வர்ணம் மட்டுந்தானே பூசுறேன்?”

“மெதுவா பேசும்மா. சேத்தியாத்தோப்பு வியாபாரி வாங்குறாருன்னுதான் எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.”

உள்ளே கலியமூர்த்தி யானையைக் கவிழ்த்துப் பார்த்தார்.

நீல வர்ணத்துக்கு அடியில், பொதுச் சூளையில் மற்றவர் பொம்மையோடு மாறிவிடாமலிருக்க அவரே ஆணியால் கீறிவிடும் பிறைக் குறி.