தோள்பட்டைத் தையல்

பெண்களுக்குப் பாதிக் கூலி போதும் என்று பனியன் கம்பெனி முதலாளி சொன்னதும், சங்கத் தலைவர் கந்தவேல் அதற்குத் தலையாட்டினார். லேபர் ஆபீசரே அதை எதிர்பார்க்கவில்லை.

பெண்கள் சார்பில் வந்திருந்த மருதாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்த ஊரு நாயமுங்க இது? பொழுதுக்கும் நாங்களுந்தானுங்க வேலை செய்யறோம்."

"இவங்க பிசிறு வெட்டறாங்க, மடிச்சு வெக்கறாங்க. தையலுக்கு ஆம்பளைக் கை வேணுமுங்க," என்று ஆபீசரிடம் சொன்ன கந்தவேல், போன வாரம் தன் வீட்டு மிஷினில் தைத்து வந்த கட்டிலிருந்து ஒரு பனியனை உருவி மேஜைமேல் போட்டார். "இந்தத் தோள்பட்டைத் தையலைப் பாருங்க. ஒரு பொம்பளை இப்படித் தைப்பாளா?"

ஆபீசர் இழுத்துப் பார்த்தார். நூல் அசையவில்லை. பாதிக் கூலி என்று எழுதப் பேனாவை எடுத்தார்.

"எழுதாதீங்க சார். போன வாரம் பூராவும் அவங்க மாநாட்டுக்கு மெட்ராஸ் போயிட்டாங்க. இதைத் தைச்சது நானுங்க."

"அவங்கன்னா யாரும்மா? பேரைச் சொல்லு."

மருதாளின் கை மட்டும் கந்தவேல் பக்கம் நீண்டது.

"பயப்படாமச் சொல்லும்மா."

"பயமெல்லாம் இல்லீங்க. ஊட்டுக்காரர் பேரை நாங்க சொல்றதில்லீங்க. இந்த வாரத்துத் துணி ஊட்ல அப்படியே கெடக்குது. ஆம்பளைக் கையாலயே தைச்சுக்கச் சொல்லுங்க."