எண்பதைத் தொடாத வண்டி

"மனுஷங்க ரெண்டே வகை. வேகத்தை ஆள்றவன், வேகத்துக்குப் பயப்படறவன். நம்ம பரம்பரையில ரெண்டாவது வகை பொறந்ததே இல்லை."

கையில் ஸ்பானரைச் செங்கோல் மாதிரி பிடித்துக்கொண்டு அப்பா அறிவித்தார். கீழே, பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கையோடு குந்தியிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ சித்தப்பா?"

"அவன் கணக்குலயே வர மாட்டான். பையனுக்கு வண்டி வாங்கிக் குடுத்துட்டு, ஆக்ஸிலேட்டர் பாதிக்கு மேல திரும்பாதபடி மெக்கானிக்கை விட்டுக் கட்டை போட்டு வெச்சிருக்கான். அதுக்குப் பேசாம நடைவண்டி வாங்கிக் குடுத்திருக்கலாம். ஸ்பானரைப் பிடி."

அது அப்பா கல்யாணத்துக்கு முன்பு ஓட்டிய வண்டி. அதிலிருந்து விழுந்ததில்தான் அவருடைய இடது முட்டி மடங்காமல் போனது. இன்றுவரை அவர் அதை, 'கொஞ்சம் அவசரமா இறங்கிட்டேன்' என்றுதான் சொல்வார்.

பழைய வண்டிக்காரர்கள் குழு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் ஒரு வாரப் பயணம் கிளம்புகிறது. கிளம்பும் முன் நெடுஞ்சாலையில் ஒரு சோதனை ஓட்டம். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நின்று ஓடாத வண்டி அப்படியே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். மகள் கல்லூரிப் படிப்பை முடித்ததே இந்த ஒரு வாரத்துக்காகத்தானோ என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

பெரிய வாய் வைத்த புது கார்புரேட்டரை அவளே மாட்டினாள். புகை முட்டாமல் வெளியேற நேர்க்குழாய் சைலன்சரையும் பொருத்தினாள். முதல் ஓட்டம் போய்த் திரும்பியவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடினாள்.

"அப்பா, எண்பத்தஞ்சு! இன்னும் மிச்சம் இருக்கு!"

அப்பாவுக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறியது. அம்மா தலையில் தட்டினாள். சமாளித்துக்கொண்டு அவர் கைதட்டினார். "என் ரத்தம்!"

மறுநாள் வண்டி அறுபதைத் தாண்டவில்லை.

அதற்கு மேல் முறுக்கினால் இருமியது, கறுப்பாகப் புகை கக்கியது. பிடித்துத் தள்ளாத குறையாக மெக்கானிக் அண்ணனின் பட்டறைக்குக் கொண்டுபோனாள். அவர் ஓர் என்ஜினுக்குள் முழங்கைவரை மூழ்கியிருந்தார்.

"பிளக் கழட்டிப் பாத்தியா?"

"கரியா இருக்குண்ணே."

"அப்போ காத்து கம்மி, பெட்ரோல் ஜாஸ்தி. ஏர் ஃபில்டர்?"

"புது கார்புரேட்டரோட சேர்த்து அதையும் புதுசா மாட்டினேனே."

"அப்போ அது இல்லை. பெட்ரோல் வர்ற ஜெட்டைச் சின்னதாக்கிப் பாரு."

சின்னதாக்கினாள். அறுபது. அதைவிடச் சின்னது போட்டாள். அறுபது. சைலன்சரைக் கழற்றி உதறி மாட்டினாள், வண்டியிடம் கெஞ்சினாள், திட்டினாள். வண்டி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு அறுபதிலேயே நின்றது.

வாசல் படியில் உட்கார்ந்து அவள் அழுதபோது அப்பாதான் பக்கத்தில் வந்து காலை நீட்டி உட்கார்ந்தார். "வயசான வண்டி கண்ணு, மனசு வைக்கணும். உங்க சித்தப்பனுக்கு அறுபது போதும். நமக்குத்தான் பத்தாது."

"நான் எதையோ தப்பாப் பண்ணியிருக்கேன்ப்பா. எதுன்னுதான் தெரியலை."

அப்பா அவளுடைய தலையைத் தடவிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார். ஷூ போட அவர் பேன்ட்டைத் தூக்கியபோது ஒரு காலில் கறுப்பு சாக்ஸும் மறு காலில் பழுப்பு சாக்ஸும் தெரிந்தன.

"என்னப்பா இது, காலுக்கு ஒரு கலர்?"

"அவர் என்னைக்குக் கண்ணைத் திறந்து டிரெஸ் பண்ணியிருக்காரு?" என்று சமையலறையிலிருந்து அம்மா முந்திக்கொண்டாள்.

ஞாயிறு காலை. குழுவினர் தெருமுனையில் கூடிக்கொண்டிருந்தார்கள். ஹாரன் சத்தம் வீடுவரை கேட்டது. அறுபதோடு அவர்கள் முன்னால் போய் நிற்பதா, உடம்பு சரியில்லை என்று போர்த்திப் படுத்துக்கொள்வதா என்று மகளுக்குப் புரியவில்லை. கடைசியில், நடப்பது நடக்கட்டும் என்று ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு பின்வாசல் வழியாக வண்டியிடம் வந்தாள்.

வண்டிக்குப் பக்கத்தில், மடங்காத காலை நீட்டிப்போட்டுத் தரையில் அப்பா உட்கார்ந்திருந்தார். முதுகு இவள் பக்கம். ஏர் ஃபில்டர் டப்பாவின் மூடி கழன்று கிடந்தது. காற்று புகும் வாயில் ஒரு கறுப்பு சாக்ஸ் இறுகச் சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது.

அப்பா தன் காலிலிருந்து இன்னொரு சாக்ஸை உருவிக்கொண்டிருந்தார். மடங்காத காலிலிருந்து அது சீக்கிரம் கழன்று வரவில்லை.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டதும், அம்மாதான் வருகிறாள் என்று நினைத்து அவர் திரும்பாமலே கிசுகிசுத்தார்:

"ஏண்டி, அறுபதுகூட ஜாஸ்தின்னு தோணுது... ஐம்பதாக்கிடட்டுமா?"